ட்ரெய்லர் வாங்குமுன் அடிப்பக்கம் பாருங்கள்

சொந்த வண்டி ஓட்டுபவருக்குக் காலி எடையில் மிச்சமாகும் ஒவ்வொரு கிலோவும் வருமானம். அனுமதித்த மொத்த எடையில் வெறும் வண்டியின் எடை போக மிஞ்சுவதுதான் லோடு. மீறினால் 2019 சட்டத் திருத்தப்படி 20,000 ரூபாய் அபராதம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 தனி. ஆகவே விற்பவர் சொல்லும் கணக்கை விட்டுவிட்டு, காலி ட்ரெய்லரை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள்.

நம் பக்கத்தில் பெரிய எதிரி உப்பு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஷாப்புகளுக்கு வரும் உப்புத் தோலிலிருந்து கசியும் நீர், தளத் தகடும் குறுக்குச் சட்டமும் சேரும் வெல்டிங் இடுக்கில் தங்கும். மேலே பெயின்ட் பளபளக்கும்போதே அடியில் துரு தின்னத் தொடங்கியிருக்கும். பழைய ட்ரெய்லர் என்றால் கீழே படுத்து, டார்ச் அடித்து, சுத்தியலால் தட்டுங்கள். மந்தமான சத்தம் வந்தால் வேண்டாம்.

அலுமினியத் தளம் இலகு. ஆனால் இரும்புச் சட்டத்தில் நேரடியாக போல்ட் போட்டால் உப்பு ஈரத்தில் சீக்கிரம் அரித்துவிடும். இடையில் ரப்பர் ஷீட் அவசியம். உயர்வலிமை எஃகும் எடையைக் குறைக்கும். தகடு மெல்லியது என்பதால் துருவைத் தாங்காது, பெயின்டில் சிக்கனம் கூடாது.

தோல் இறக்கிய அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.