ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய்



போன கார்த்திகை மழையில் எங்கள் மாமாவின் பழைய பெட்ரோல் வேனுக்கு ஒரு சோதனை வந்தது. நாம் அறிவியலில் படித்த பாடம் முழுக்க அந்த வேனுக்குள்ளேயே இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாமா வாழைத்தார் ஏற்றுகிறவர். தோப்பிலிருந்து மண்டிக்கு 3 கிலோமீட்டர்கூட இருக்காது. போவார், ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்துவார், திரும்புவார். ஒரு நாள் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தால், உள்பக்கம் வெள்ளையும் மஞ்சளுமாக வெண்ணெய் மாதிரி அப்பிக் கிடந்தது. ஒரு பட்டறையில் காட்டினார். "ஹெட் கேஸ்கட் போயிட்டு. ரேடியேட்டர் தண்ணி ஆயில்ல கலக்கு. இன்ஜின இறக்கணும்" என்று சொல்லி 14 ஆயிரம் ரூபாய் கேட்டார்கள். அது மதினிக்குக் காலேஜ் பீஸ் கட்டவேண்டிய மாதம். மாமா எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து ரொம்ப நேரம் பேசாமலே உட்கார்ந்திருந்தார்.

அம்மாதான் "இன்னொரு ஆளுகிட்ட காட்டிட்டு முடிவு பண்ணு" என்றாள். மறுநாள் லீவு. நானும் கூடப் போனேன். அந்த மெக்கானிக் அண்ணாச்சி வண்டியைத் தொடுவதற்கு முன்னால் கேள்விதான் கேட்டார்.

"ரேடியேட்டர்ல தண்ணி குறையுதா?"

"இல்ல அண்ணாச்சி, ஊத்துன அளவு அப்படியே இருக்கு."

"சூடு ஏறுதா?"

"ஏறவே மாட்டேங்கு. முள்ளு கீழயே கெடக்கு."

பிறகு ஆயில் அளக்கும் குச்சியை உருவிப் பார்த்தார். அதில் ஆயில் சுத்தமான பழுப்பாக இருந்தது. "கேஸ்கட் போயிருந்தா ரேடியேட்டர் தண்ணி குறையும், குச்சியிலயும் மோர் மாதிரி வரும். இங்க மூடியில மட்டும்தான் இருக்கு. இது பெட்ரோல் தண்ணி" என்றார். யாரோ பெட்ரோலில் தண்ணீரைக் கலந்துவிட்டார்கள் என்று நான் நினைத்தேன். அவர் சொன்னது அது இல்லை. பெட்ரோல் எரிந்தால் தண்ணீர் உண்டாகும்!

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். பெட்ரோலில் பல பொருள்கள் உண்டு. அதில் ஒன்றான ஆக்டேனை எடுத்துக்கொள்வோம். ஒரு மூலக்கூறில் 8 கார்பன், 18 ஹைட்ரஜன். மூலக்கூறு எடை 96 + 18 = 114. அது எரியும்போது 18 ஹைட்ரஜனும் ஆக்சிஜனோடு சேர்ந்து 9 தண்ணீர் மூலக்கூறுகள் ஆகின்றன. 9 x 18 = 162. அதாவது 114 கிராம் எரிந்தால் 162 கிராம் தண்ணீர். எடை எப்படிக் கூடியது என்றால், காற்றிலிருந்து ஆக்சிஜன் வந்து சேர்ந்துவிட்டது. 1 லிட்டர் பெட்ரோல் சுமார் 740 கிராம். ஆக, 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் வருகிறது! விடையை நம்பாமல் மூன்று தடவை போட்டேன். கணக்கு டீச்சரிடமும் காட்டினேன், சரி என்றார்கள்.

இந்தத் தண்ணீர் பெரும்பாலும் ஆவியாகவே சைலன்சர் வழியாகப் போய்விடும். காலையில் வண்டியை ஸ்டார்ட் பண்ணியதும் சைலன்சர் நுனியில் சொட்டுச் சொட்டாக ஒழுகுவதும், வெள்ளையாகப் புகைவதும் அதுதான். ஆனால் கொஞ்சம் வாயு பிஸ்டன் வளையங்களின் சந்து வழியாக நழுவி, கீழே ஆயில் இருக்கும் அறைக்குள் இறங்கிவிடுகிறது. முன்காலத்துக் கார்களில் அதை ஒரு குழாய் வைத்து ரோட்டிலேயே விட்டுவிட்டார்கள். காற்று கெட்டுப்போகிறது என்று, 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அதைத் திரும்ப இன்ஜினுக்குள்ளேயே இழுத்து எரிக்கும் வால்வை வைக்கச் செய்தார்கள். இப்போது எல்லாக் கார்களிலும் அந்த ஏற்பாடு இருக்கிறது.

இன்ஜின் நன்றாகச் சூடானால் ஆயிலில் சேர்ந்த ஈரம் ஆவியாகி அந்த வழியே போய்விடும். கொதிக்கக்கூட வேண்டாம். கொடியில் போட்ட துணி கொதிக்காமல்தானே காய்கிறது? ஆனால் சூடு வேண்டும், நேரமும் வேண்டும். ரேடியேட்டர் தண்ணீர் சீக்கிரம் சூடாகும், ஆயில் மெதுவாகத்தான் சூடாகும். 3 கிலோமீட்டரில் ஆயில் வெதுவெதுப்பாகும்போதே மண்டி வந்துவிடுகிறது. நிறுத்தியதும் ஆவி மேலே போய்க் குளிர்ந்த இடத்தில் ஒட்டுகிறது. இட்லிக் கொப்பரை மூடியைத் திறந்து பாருங்கள், உள்பக்கம் எல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். ஆயில் மூடி இன்ஜினின் உச்சியில், வெளிக்காற்று படுகிற இடத்தில் இருக்கிறது.

சரி, தண்ணீரும் எண்ணெயும் கலக்காதே? சும்மா ஊற்றினால் கலக்காது. கடைந்தால் ஒன்றுக்குள் ஒன்று சிறு துளிகளாக நிற்கும். இதன் பெயர் பால்மம். தேங்காய்ப்பால் தண்ணீருக்குள் எண்ணெய்த் துளி. வெண்ணெய் கொழுப்புக்குள் தண்ணீர்த் துளி. இன்ஜினுக்குள் கிராங்க் நிமிடத்துக்கு 2,000, 3,000 சுற்று சுற்றுகிறது. எந்த மத்தும் அப்படிக் கடையாது. (தாத்தாவின் பழைய இரண்டு ஸ்ட்ரோக் மொபெட்டில் இந்தத் தொல்லை இல்லை. அதில் ஆயிலைப் பெட்ரோலோடு சேர்த்தே எரித்துவிடுகிறோம்.)

கொஞ்சம் வெண்ணெய் மூடியில் இருப்பதால் வண்டி கெட்டுவிடாது. மாதக்கணக்கில் விட்டால்தான் கஷ்டம். எரியும்போது உண்டாகும் நைட்ரஜன், கந்தக ஆக்சைடுகள் இந்த ஈரத்தில் கரைந்து அமிலம் ஆகி பேரிங்கை அரிக்கும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபிறகு பெட்ரோலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான், அதற்கு முந்தைய பி.எஸ். 4 பெட்ரோலில் 50 பங்கு. கந்தகம் குறைந்தாலும் நைட்ரஜன் காற்றிலிருந்து வருவதால் அது போகாது. ஈரமும் கரியும் சேர்ந்து சேறாகி ஆயில் வடிகட்டியை அடைத்தாலும் ஆபத்து.

ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் புல்மேல் உறைபனி படிகிறது, அங்கே இது வரலாம். கனடாவில் இரவெல்லாம் இன்ஜினுக்கு கரண்ட் ஹீட்டர் போட்டு வைப்பார்களாம். நம் களக்காட்டில் அவ்வளவு குளிர் ஏது? எனக்கும் அதே சந்தேகம் வந்தது. அண்ணாச்சியிடமே கேட்டேன். அவர் ஒரு குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பார்த்துச் சிரித்தார். தெர்மோஸ்டாட்டே இல்லை!

தெர்மோஸ்டாட் என்பது ஒரு சின்னக் கதவு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியிருக்கும், தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டும்போது உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்கும். "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு" என்று எப்போதோ யாரோ கழற்றி வீசியிருக்கிறார்கள். அதனால் முதல் நிமிடத்திலிருந்தே தண்ணீர் ரேடியேட்டருக்கு ஓடி, இன்ஜின் சூடாகவே இல்லை. முள் கீழேயே கிடந்த காரணம் அதுதான். வெயில் காலத்தில் எப்படியோ சமாளித்துவிட்டது, மழைக்காற்றில் காட்டிக்கொடுத்துவிட்டது.

அண்ணாச்சி புதுத் தெர்மோஸ்டாட் போட்டு, ஆயில் மாற்றி, மூடியைத் துடைத்துக் கொடுத்தார். எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய். "திருநெல்வேலி வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க, பொறவு பாப்போம்" என்றார். போகவர 80 கிலோமீட்டருக்கு மேல். மாமா அன்றைக்கே வாடகைக்கு லோடு பிடித்துப் போனார், டீசல் லாரிக்காரர் மாதிரி பெருமையாக.

துடைத்த வெண்ணெயில் ஒரு துளியை நான் காகிதத்தில் எடுத்து வந்து, பழைய இரும்பு மூடியைக் காய வைத்து அதில் விட்டேன். கடுகு மாதிரி சடசடவென்று வெடித்தது. புது ஆயிலை விட்டபோது சத்தமே இல்லை. உள்ளே தண்ணீர் இருந்ததற்கு அது சாட்சி. (தெறிக்கும், பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் செய்யாதீர்கள். எனக்கு அம்மாவிடம் நல்ல திட்டு கிடைத்தது.)

மதினிக்குப் பீஸ் கட்டியாயிற்று. மாமா இப்போது வாரம் ஒருமுறையாவது வண்டியை நாங்குநேரி, திருநெல்வேலி என்று தூரமாக ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். "ஏட்டி, இன்னைக்கும் ஒன் வெண்ணெய் இல்ல."

9ஆம் வகுப்பு மாணவி