தோப்பு நிழலில் தண்ணீர்விட்டான் சாகுபடி

கோரிப்பாளையம், தல்லாகுளம் தாண்டி அழகர்கோவில் சாலையில் போனாலும், வைகைக் கரையோடு சோழவந்தான் பக்கம் போனாலும் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் கண்ணில் படும். அந்த நிழலில் ஏதாவது வருமானப் பயிர் செய்ய முடியுமா என்று எண்ணாத விவசாயி இல்லை. வெளிநாட்டில் காட்டு மரங்களின் கீழ் வளர்த்து நல்ல விலைக்கு விற்கும் ஜின்செங் கிழங்கை இங்கேயும் பயிரிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள்.

அந்தப் பயிர் நம் சமவெளிக்கு ஆகாது. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் கொரியாவிலும் கடுங்குளிர் காலத்தில் மண்ணுக்குள் உறங்கி, வசந்தத்தில் தழைக்கும் செடி அது. விதை முளைக்கவே சுமார் 18 மாதங்கள் ஆகும். மரத்தடியில் கிழங்கு தேற எட்டுப் பத்து ஆண்டுகள் கூட ஆவதுண்டு. ஆகவே ஜின்செங் நாற்று என்று யாரேனும் விற்க வந்தால் வாங்கி ஏமாற வேண்டாம். 'இந்திய ஜின்செங்' என்று சொல்லப்படும் அமுக்கராவுக்கோ நல்ல வெயில் வேண்டும். அது மானாவாரி நிலத்துக்கு ஏற்றது. தோப்பு நிழலுக்கு ஏற்ற மருந்துக் கிழங்கு தண்ணீர்விட்டான். சதாவரி என்பதும் இதுவே.

கொடிக்கால் கற்றுத் தரும் பாடம்

ஜின்செங் பயிரிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பேராசைப்பட்டு நெருக்கி விதைத்த பாத்திகளில் காற்றோட்டம் குறைந்து, ஈரம் தங்கி, அழுகல் நோய் பரவிவிடுகிறது. மரத்தடியில் இடம்விட்டு விதைத்த செடிகளில் நோய் குறைவு. சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்காரர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. வடிகால் தூர்ந்த கொடிக்காலில் வாடல் நோய் எப்படிப் பரவும் என்பதை அவர்கள் நன்கு அறிவார்கள். நிழலில் வளரும் பயிருக்கு வடிகாலும் காற்றோட்டமுமே முதல் மருந்து.

இடம் தேர்வு

செம்மண், மணல் கலந்த வண்டல் ஏற்றவை. திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் நீர் தங்குவதால் தவிர்க்கவும். ஒன்றரை அடி ஆழக் குழி தோண்டி மாலையில் நீர் நிரப்புங்கள். காலையிலும் நீர் நின்றால் அந்த இடம் வேண்டாம்.

உச்சிவேளையில் தரையில் வெயில் புள்ளி புள்ளியாக விழ வேண்டும். முழு நிழலில் கொடி மட்டும் நீளும், கிழங்கு தேறாது. தென்னையில் 7 வயதுக்குட்பட்ட தோப்பும் 20 வயதைக் கடந்த தோப்பும் ஏற்றவை. இடைப்பட்ட வயதில் நிழல் அதிகம்.

நாற்றங்கால்

நன்கு பழுத்த பழங்களின் சதையை நீக்கி, அந்த ஆண்டு விதையையே பயன்படுத்துங்கள். விதைத்தோல் கடினமானது. ஆகவே ஒரு நாள் நீரில் ஊறவைத்து, கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, ஆனி மாதம் மேட்டுப்பாத்தியில் விதைக்கவும். முளைக்க மூன்று நான்கு வாரங்களுக்கு மேலும் ஆகலாம், பொறுமை தேவை.

நடவு

ஆவணி, புரட்டாசியில் நட்டால் ஐப்பசி மழைக்கு முன் செடி வேர் பிடிக்கும். கடைசி உழவில் தொழு உரம் இட்டு, முக்கால் அடி முதல் ஓரடி உயரத்துக்குப் பார் அமைக்கவும். ஏக்கருக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மாவை 20 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து பாரில் இடலாம்.

பாருக்குப் பாரும் செடிக்குச் செடியும் 60 செ.மீ. இடைவெளி விடுங்கள். தென்னையின் அடியிலிருந்து 2 மீட்டர் தள்ளியே நடவேண்டும். 7.5 மீட்டர் இடைவெளியுள்ள தோப்பில் இரண்டு மர வரிசைக்கு நடுவே ஐந்து வரிசை கொள்ளும். அவ்வகையில் ஏக்கருக்குச் சுமார் 4,400 செடிகள் வரும். ஆறாவது வரிசைக்கு ஆசைப்படாதீர்கள்.

பராமரிப்பு

கொடி ஏற 5 அடிக் குச்சி நடுங்கள். கொடி தரையில் படர்ந்தால் களை எடுப்பதும் கடினம், ஈரமும் காயாது. முள் குத்துமாதலால் களையைச் செடி சிறிதாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். நட்டவுடனும் மூன்றாம் நாளும் நீர் விட்டு, பிறகு மண் காய்வதைப் பார்த்து நீர் பாய்ச்சினால் போதும். தென்னைக்கு விடும் நீர் பார்களுக்கிடையே தேங்கக்கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன் வடிகால் வாய்க்காலைத் தூர்வாருங்கள்.

அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடி மஞ்சளாகி வாடினால் ஒரு கிழங்கைத் தோண்டிப் பாருங்கள். குழைந்து நாற்றமடித்தால் அது வேரழுகல். செடியை மண்ணோடு அகற்றி, அந்த இடத்தில் லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்து ஊற்றவும். அதற்கு முன் நீர் எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடித்து வடித்துவிடுங்கள். நீர் வடியாமல் மருந்து மட்டும் ஊற்றுவதில் பயனில்லை. மருந்துக்குப் போகும் கிழங்கு என்பதால் தேவையில்லாமல் மருந்து அடிக்கவும் கூடாது.

அறுவடையும் பதப்படுத்துதலும்

இரண்டாவது வடகிழக்குப் பருவமழை முடிந்து தை, மாசியில், அதாவது நட்ட 16, 17 மாதங்களில், கிழங்கு எடுக்கலாம். விலை இறங்கியிருந்தால் இன்னும் ஓராண்டு விட்டுவைக்கலாம், கிழங்கு பருக்கும். வடிகால் நன்றாக உள்ள நிலத்தில்தான் இப்படிக் காத்திருக்க முடியும்.

கிழங்கைக் கழுவி, பத்து நிமிடம் கொதிநீரில் இட்டு எடுத்தால் தோல் எளிதில் உரியும். நடுவிலுள்ள நாரை உருவிவிட்டு நிழலில் உலர்த்தவும். பத்துக் கிலோ பச்சைக்கிழங்கு காய்ந்தால் ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோதான் நிற்கும். விலை பேசும்போது பச்சைக்கா, காய்ந்ததற்கா என்று தெளிவாகக் கேளுங்கள். மொட்டுள்ள அடித்தூரை இரண்டு மூன்று கிழங்கோடு வைத்துக்கொண்டால் மறுநடவுக்கு ஆகும்.

கவனத்திற்கு

ஒன்றரை ஆண்டு உழைப்பு மண்ணுக்குள் இருக்கப் போகிறது. ஆகவே வாங்குபவர் யார், எந்தத் தரத்தில் கேட்கிறார் என்று விசாரித்த பிறகே நடுங்கள். முதலில் பத்து சென்ட் போதும். காப்புக்காட்டில் கிழங்கு தோண்டுவது சட்டப்படி குற்றம். அழகர்மலைச் செடியை மலையிலேயே விட்டுவிடுங்கள். சந்தேகம் இருந்தால், 1965 முதல் ஒத்தக்கடையில் இயங்கிவரும் வேளாண்மைக் கல்லூரிக்கு நோயுற்ற செடியை வேர்மண்ணோடு எடுத்து வந்து காட்டுங்கள்.

இந்த மழைக்கு உங்கள் தோப்பில் நீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்துக் குறித்து வையுங்கள். அடுத்த ஆனிக்கு விதை தேடுவது அதன் பிறகு.