புல் போனால் பாட்டும் போகும்

எத்தியோப்பியாவின் தெற்கே நெகெல்லே ஊருக்குப் பக்கத்துல லிபென் சமவெளி இருக்கு. போரானா மக்கள் மாடு மேய்க்கும் புல்வெளி அது. 1975-ல் விஞ்ஞானிகள் பெயரிட்ட லிபென் வானம்பாடி இங்கே வாழுது. பழுப்பு நிறம், சின்ன உருவம். ஆண் பறவை பறந்துகொண்டே பாடும்.

கூடு மரத்துல இல்லை, தரையில், புல்லுக்குள்ளே! முன்பு மக்கள் தீ வைத்துப் புதரை அழிப்பார்கள். அதற்குத் தடை வந்ததும் புதர் மண்டிடுச்சு. உழவும் அதிக மேய்ச்சலும் மீதிப் புல்லைக் குறைத்தன. பறவை அழியும் நிலைக்கு வந்தது.

இதற்கு வழி? 'கல்லோ'! மக்களே முள்வேலி போட்டு, மழைக்காலத்தில் மாடு நுழையாமல் காக்கிறாங்க. புல் வளர்ந்தால் வறட்சியில் கன்றுக்குத் தீனி, வானம்பாடிக்கு வீடு.

சிந்திக்க: மரம் நட்டால் மட்டும் போதுமா? புல்வெளியை யார் காப்பது?