கோடைப் பயணமும் கூமாப்பட்டித் தண்ணீரும்

ஆண்டுத் தேர்வு முடிந்தவுடன் நம் ஒவ்வொருவர் இல்லத்திலும் எழும் முதற்கேள்வி, "இந்த விடுமுறைக்கு எங்கே போகலாம்?" என்பதேயாகும். அண்ணன் மலை என்பான். தங்கை அருவி என்பாள். அம்மா கோவில் என்பார். அப்பாவோ கையிருப்பைக் கணக்குப் பார்ப்பார். இறுதியில் ஒரு வாடகை வேன் வாசலில் வந்து நிற்கும். புளியோதரைத் தூக்குவாளியும் தண்ணீர்க் குடமும் ஏறும். பாட்டி முதல் கைக்குழந்தை வரை அனைவரும் ஏறுவர். இத்தகைய பயணம் குடும்பத்திற்கு இன்பம் தருவது, அறிவையும் வளர்ப்பது. ஆனால் செல்லும் ஊரைப் பற்றி முன்னரே அறிந்து செல்வோருக்குத்தான் அவ்விரண்டும் கிட்டும். இதற்கு நம் விருதுநகர் மாவட்டத்துக் கூமாப்பட்டியே தக்க சான்று.

புகழ் பெற்ற சிற்றூர்

2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கூமாப்பட்டி இளைஞர் ஒருவர் தம் ஊரின் நீர்நிலையில் நின்றுகொண்டு, எல்லோரும் எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று அழைத்து எடுத்த சிறு காணொளிகள் இன்ஸ்டாகிராம் வழியே தமிழகமெங்கும் பரவின. அதுவரை வெளியூரார் பலர் கேட்டும் அறியாத ஊரின் பெயர் ஒரே வாரத்தில் எல்லார் வாயிலும் அடிபட்டது. குடும்பங்கள் வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்டன. ஆனால் அணைப் பகுதிக்குள் செல்லப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை என்று அதிகாரிகள் தெரிவித்தார்கள். காணொளியில் கண்டது போன்ற நீர்ப்பெருக்கும் அப்போது இல்லை. வெகுதூரம் வந்த பலர் ஏமாற்றத்துடன் திரும்ப நேர்ந்தது.

அந்த இளைஞர் தம் ஊரை நேசித்தார்; அதில் குற்றமில்லை. வந்தவர்கள் பசுமையைக் காண விரும்பினார்கள், அதிலும் குற்றமில்லை. பின் குறை எங்கே? ஒரு படம் ஓர் இடத்தின் அழகைக் காட்டும். அது எந்த மாதத்து அழகு என்பதையோ, அந்தத் தண்ணீர் யாருக்கு உரியது என்பதையோ காட்டாது. அதை அறிந்துகொள்ள நிலநூல் வேண்டும்.

ஊரும் வழியும்

கூமாப்பட்டி, வத்திராயிருப்பை அடுத்து மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த ஊர். திருவில்லிபுத்தூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவு. மதுரையிலிருந்து வருவோர் திருமங்கலம், தே. கல்லுப்பட்டி வழியாகக் கிருஷ்ணன்கோவில் வந்து, அங்கிருந்து மேற்கே திரும்பி வத்திராயிருப்பை அடைந்து, மேலும் சிறிது தூரம் செல்ல வேண்டும். இராஜபாளையத்திலிருந்து வருவோர் திருவில்லிபுத்தூரைக் கடந்து வருவர். வழியின் இருமருங்கிலும் நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளும், எதிரே நீலத்திரை போல நீண்ட மலையும் கண்ணுக்கு விருந்தாகும்.

ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் உள்ளது பிளவக்கல் அணைத்திட்டம். இது இரண்டு அணைகளைக் கொண்டது. ஒன்று பெரியாறு அணை. மற்றொன்று கோவிலாறு அணை. இவை 1970களில் கட்டப்பட்டவை. இங்குள்ள பெரியாற்றை, 1895ஆம் ஆண்டு நிறைவடைந்த முல்லைப் பெரியாறு அணையின் பெரியாறு என்று எண்ணிக் குழம்பலாகாது. அது கேரளத்து ஆறு. அதன் நீர் மலையைக் குடைந்து வைகைக்குக் கொண்டுவரப்படுகிறது. நம் பெரியாறோ இந்த மலையிலேயே பிறந்து, அர்ச்சுனா நதி வழியே வைப்பாற்றில் சேரும் சிற்றாறு.

ஒரு சிறு கணக்கு

இவ்வணைகளைக் காணொளியில் பார்ப்போர் கடல் போன்ற நீர் என்று வியப்பர். நாம் நம் கணக்குப் பாடத்தைக் கொண்டு அதை அளந்து பார்ப்போம்.

பெரியாறு அணையின் கொள்ளளவு ஏறத்தாழ 192 மில்லியன் கன அடி. கோவிலாறு அணையின் கொள்ளளவு ஏறத்தாழ 133 மில்லியன் கன அடி. இரண்டும் சேர்ந்து 325 மில்லியன், அதாவது 32 கோடியே 50 இலட்சம் கன அடி. இந்த நீரை நம்பியுள்ளவை சுமார் 40 கண்மாய்களும், 7,000 ஏக்கருக்குச் சற்று அதிகமான வயல்களும். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. எனவே 7,000 ஏக்கர் என்பது 30 கோடி சதுர அடிக்கும் மேல். அணைகள் இரண்டும் நிறைந்து ததும்பும்போது அந்நீர் முழுவதையும் வயல்களில் பரப்பினால், ஏறத்தாழ ஓர் அடி உயரம்தான் நிற்கும்!

ஒரு போக நெல் விளைய ஏறத்தாழ நான்கு அடி உயரத் தண்ணீர் தேவைப்படுகிறது. மிகுதியை மழையும், கண்மாயும், கிணறும் தர வேண்டும். அணை ஒருமுறை நிறைந்தால் போதாது. மீண்டும் மீண்டும் மலையிலிருந்து நீர் வந்து, கண்மாய்கள் பெருகினால்தான் விவசாயி வீட்டில் அடுப்பு எரியும். வேடிக்கை பார்ப்போருக்குக் கடலாகத் தோன்றுவது, உழுது பிழைப்போருக்கு எண்ணி எண்ணிச் செலவிடும் சில்லறைக் காசு. கோடையில் அணையின் அடியில் எஞ்சியிருக்கும் சிறிதளவு நீரோ ஆடுமாடுகளுக்கும், மீன்களுக்கும், மலையிறங்கி வரும் விலங்குகளுக்கும் உயிர்.

குற்றாலத்தில் சாரல், இங்கே வெயில்

ஜூன் மாதத்தில் குற்றாலத்தில் அருவி கொட்டுகிறதே, அதே மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள கூமாப்பட்டியில் மட்டும் ஏன் தண்ணீர் குறைவு என்று தோழியர் சிலர் கேட்கலாம். விடை நம் பாடநூலிலேயே உள்ளது.

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அதைத் தடுத்து நிறுத்துகிறது. மேலே எழும் காற்று குளிர்ந்து, மழையைக் கேரளப் பக்கமே கொட்டிவிடுகிறது. கிழக்குச் சரிவில் உள்ள நம் பகுதி மழை மறைவுப் பிரதேசமாகிவிடுகிறது. செங்கோட்டைக்கு மேற்கே மலையில் ஆரியங்காவுக் கணவாய் என்னும் இடைவெளி இருப்பதால், அந்த வழியே ஈரக்காற்று நுழைந்து குற்றாலத்திற்குச் சாரலைத் தருகிறது. கூமாப்பட்டிக்கு மேற்கே அத்தகைய வாசல் இல்லை. மலை மதிலாக நிற்கிறது.

நம் பகுதி பெரிதும் நம்பியிருப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையை. தமிழகம் ஆண்டுக்குப் பெறும் சராசரி மழையான ஏறத்தாழ 920 மில்லிமீட்டரில் சற்றேறக்குறையப் பாதி இம்மூன்று மாதங்களில்தான் கிடைக்கிறது. ஆகவே நிறைந்த கண்மாயையும் பச்சை வயலையும் காண விரும்பும் குடும்பம் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வருவது நலம். நமக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை இருக்கவே இருக்கிறது. கோடையில்தான் வர இயலும் என்றால், மலையையும் தோப்பையும் ஊரையும் காணும் நோக்கத்துடன் வரலாம். நீரில் ஆடும் நோக்கத்தை விட்டுவிட வேண்டும்.

வறண்ட ஓடையை நம்பாதே

கோடையில் தண்ணீர் இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. மலையின் மேலே கோடைமழை கொட்டும்போது அடிவாரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். பாறை நிறைந்த செங்குத்தான ஓடைகளில் நீர் சற்று நேரத்தில் பாய்ந்து வந்துவிடும். வத்திராயிருப்பை அடுத்த சதுரகிரி மலையில் 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் இவ்வாறு வந்த திடீர் வெள்ளத்தில் சிக்கிப் பக்தர்கள் உயிரிழந்தார்கள். அது கோடைக்காலம் என்பதை நாம் மறக்கக் கூடாது. ஓடையில் தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேலிருந்து இரைச்சல் கேட்டாலோ, செருப்பையும் பையையும் தேடாமல் உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

கண்மாயும் அப்படியே. கரையோரம் முழங்கால் அளவு நீர் தெரியும். இரண்டடி தள்ளினால் மண் அள்ளிய பள்ளம் இருக்கும். அடியில் வண்டல் காலைப் பிடித்துக்கொள்ளும். "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று நம் பெரியோர் சொன்னது உவமைக்காக மட்டுமன்று.

குழந்தைகளோடு செல்லும்போது

இனி, வண்டியில் செல்லும் குடும்பங்கள் மனத்தில் கொள்ள வேண்டிய சிலவற்றைத் தொகுத்துத் தருகிறோம்.

1. விடியுமுன் புறப்பட்டு, பகல் பதினொரு மணிக்குள் வெளியிடங்களைப் பார்த்து முடித்தல் வேண்டும். நண்பகலில் நிழலில் தங்கி, மாலை நான்கு மணிக்குமேல் மீண்டும் கிளம்பலாம். ஓட்டுநருக்கு இரண்டு மணிக்கொரு முறை ஓய்வு தேவை.

2. நிறுத்திய வண்டிக்குள் குழந்தையை ஒரு நிமிடமும் தனியே விடலாகாது. வெளியே 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருக்கும்போது, கண்ணாடி மூடிய காருக்குள் அரைமணி நேரத்தில் 50 டிகிரியை எட்டக்கூடும். "தூங்குகிறான், எழுப்ப வேண்டாம்" என்னும் இரக்கம் உயிருக்கே உலையாகும்.

3. 14 வயதுக்கு உட்பட்டோர் இருக்கைப் பட்டையோ, குழந்தைகளுக்கான தனி இருக்கையோ இன்றிப் பயணம் செய்தால், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி ஆயிரம் ரூபாய் அபராதம். முன்னிருக்கையில் மடியில் குழந்தையை வைத்துக்கொள்வது பாசம் போலத் தோன்றும். திடீரென வண்டி நின்றால் எந்தத் தாயின் கையாலும் பிடித்து நிறுத்த இயலாது.

4. மோரும் எலுமிச்சைச் சாறும் உப்புச்சர்க்கரைக் கரைசலும் கைவசம் இருக்கட்டும். அவசர ஊர்திக்கு 108 என்னும் எண்ணைச் சிறுவரும் அறிந்திருக்க வேண்டும்.

5. ஒவ்வொரு முறை வண்டி கிளம்பும்போதும் தலைகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். திருக்குடும்பத்திற்கே இது நேர்ந்ததை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். பன்னிரண்டு வயதுச் சிறுவனான இயேசு உறவினர் கூட்டத்தில் இருப்பார் என்று எண்ணி, மரியன்னையும் சூசையப்பரும் ஒரு நாள் வழி நடந்துவிட்டார்கள். மூன்று நாட்களுக்குப் பின்னரே எருசலேம் ஆலயத்தில் அவரைக் கண்டார்கள். "அவள் அத்தையோடு இருப்பாள், சித்தியோடு இருப்பாள்" என்று எண்ணுவது இன்றும் நம் வேன்களில் நடப்பதுதானே?

சுற்றிலும் காணத்தக்கவை

தண்ணீர் இல்லாத கோடையிலும் இப்பகுதியில் காண்பதற்கு நிறைய உண்டு. திருவில்லிபுத்தூரில் பதினொரு நிலைகளோடு 192 அடி உயர்ந்து நிற்கும் இராசகோபுரம் வெகு தொலைவிலிருந்தே நம்மை அழைக்கும். அவ்வூர்ப் பால்கோவா 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. பாலும் சர்க்கரையும் இரும்புச் சட்டியில் நெடுநேரம் கிண்டப்படுவதைச் சிறுவர்கள் ஒருமுறை பார்த்தால், உழைப்பின் சுவையும் அதில் கலந்திருப்பதை உணர்வார்கள். இராஜபாளையத்தில் பஞ்சாலைகளும், 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல்தலையில் இடம்பெற்ற வெண்ணிற வேட்டை நாய் இனமும் பெயர் பெற்றவை.

மலையோரக் காடுகள் 1988ஆம் ஆண்டு சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் உருவாயிற்று. பூனையளவு பெரிய இந்த அணில், தரையில் இறங்காமல் மரத்துக்கு மரம் தாவி வாழ்வது. மரக்கிளைகளின் தொடர்ச்சி அறுந்தால் அதன் பாதையே அறுந்துவிடும். ஆகவே செண்பகத்தோப்புப் பக்கம் செல்வோர் வனத்துறையின் அனுமதி பெற்று, உரத்த பாட்டுகளை நிறுத்திவிட்டு, குரங்குகளுக்குத் தின்பண்டம் வீசாமல் பார்த்து வருவது கடமை.

விருந்தினராகச் செல்வோம்

நம் வீட்டுக்கு வரும் விருந்தினர், குடிநீர்ப் பானைக்குள் கை கழுவினால் நாம் பொறுப்போமா? ஓர் ஊரின் அணையும் கண்மாயும் அவ்வூரின் பானையே. உடைந்த பாட்டில் கண்ணாடி வயலுக்குப் போகும். நாற்று நடும் பெண்ணின் காலைக் கிழிக்கும். நெகிழிப்பை மடையை அடைக்கும். மாட்டின் வயிற்றையும் அடைக்கும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி முதல் தடை உண்டு. சட்டத்திற்கு அஞ்சி நடப்பதைக் காட்டிலும், அந்தப் பெண்ணின் காலை நினைத்து நடப்பது மேலானது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் இப்பூமியை நம் அனைவருக்கும் பொதுவான இல்லம் என்று அழைத்தார். பொது இல்லத்தில் நாம் விருந்தினரும் ஆவோம், காவலரும் ஆவோம்.

கூமாப்பட்டியில் வாழும் மக்கள் எவரையும் வரவேண்டாம் என்று கதவடைப்பவர்கள் அல்லர். அங்கே இளநீர் விற்பவரிடம் வாங்கி அருந்தலாம், கடையில் உணவு உண்ணலாம், களத்துமேட்டில் நிற்கும் பெரியவரிடம், "தாத்தா, இந்த வருடம் கண்மாய் பெருகியதா?" என்று கேட்கலாம். காணொளி சொல்லாத செய்திகளை அவர் சொல்வார்.

ஆதலால் தோழியரே, அடுத்த விடுமுறைக்கு வண்டி ஏறுமுன் வீட்டாரோடு அமர்ந்து வரைபடத்தை விரித்து, மூன்று கேள்விகள் கேட்போம். நாம் போகும் ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எந்த மாதத்தில் வருகிறது? அதை நம்பி வாழ்பவர் யார்? விடை தெரிந்து செல்லும் குடும்பம் ஏமாந்து திரும்புவதில்லை. அது சென்று வந்த ஊரும் நம்மால் எதையும் இழப்பதில்லை.