வியாழனில் கால் வைக்க இடம் உண்டா?

அறிவியல் பக்கம்



போன வாரம் அறிவியல் வகுப்பில் சூரியக் குடும்பம் பாடம் நடந்தது. "செவ்வாய்ல வண்டி இறக்கி ஓட்டிட்டாங்க. வியாழன்ல ஏன் இறக்கலை?" என்று டீச்சர் கேட்டாங்க. நான் வேகமா எழுந்து, "அது வெறும் கேஸ் டீச்சர், பலூன் மாதிரி. இந்தப் பக்கம் விட்டா அந்தப் பக்கம் வந்துடும்" என்று சொன்னேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "பாதி சரி. மீதியைத் தேடிப் படிச்சு சுவர் பத்திரிகைக்கு எழுதிக் கொடு" என்று சொல்லிட்டாங்க. அதனால்தான் இந்தக் கட்டுரை.

வியாழன் எவ்வளவு பெரியது?

சூரியனிலிருந்து ஐந்தாவது கோள் வியாழன். சராசரியாக 77 கோடியே 80 லட்சம் கி.மீ. தூரத்தில் சுற்றுகிறது. ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய 12 வருஷம் ஆகும். அதன் நடுப்பகுதி விட்டம் சுமார் 1,43,000 கி.மீ. பூமியைப் போல 11 உருண்டைகளை வரிசையாக வைத்தால்தான் அதற்குச் சமம். நிறையோ பூமியைப் போல 318 மடங்கு. பலூன் என்று சொன்னேனே, இந்தக் கணக்கைப் பார்த்ததும் எனக்கே வெட்கமா போச்சு.

இவ்வளவு பெரிய உருண்டை 10 மணி நேரத்துக்குள் ஒரு தடவை தன்னைத்தானே சுற்றிவிடுகிறது. நம்ம பள்ளிக்கூடம் அங்கே இருந்தால், காலை 9 மணிக்கு மணி அடித்த பிறகு ராத்திரி 7 மணிக்குள்ள மறுநாள் காலை மணி அடிச்சிடும்! இப்படி வேகமாகச் சுற்றுவதாலும், உள்ளே கெட்டியாக இல்லாததாலும், நடுவில் பிதுங்கி, மேலும் கீழும் தட்டையாக இருக்கிறது.

அங்கே இருப்பது என்ன வாயு?

நிறையில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஹைட்ரஜன், கால் பங்கு ஹீலியம். மற்றவை எல்லாம் சேர்த்து மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் மீத்தேன், நீராவி, அம்மோனியா இருக்கின்றன. நாம் படத்தில் பார்க்கும் பட்டை பட்டையான மேகங்களில் அம்மோனியா பனித் துகள்கள் உண்டு.

அம்மோனியா என்ற பெயரைப் படித்ததும் புத்தகத்தை மூடிட்டேன். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடல் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்க சித்தி வீடு அந்தப் பக்கம்தான். குழந்தைகளைத் தூக்கிக்கிட்டு, மூக்கில் ஈரத் துணியைக் கட்டிக்கிட்டு ரோட்டுக்கு ஓடி வந்தாங்க. சித்தி பையனுக்குக் கண் எரிச்சல் ரெண்டு நாள் நிக்கலை. நம்ம பகுதி ஆளுங்களுக்கு வாயு என்றால் பாடம் இல்லை, மூக்கு. ஆனால் பிறகு தைரியமாகத் திறந்து படித்தபோதுதான், வியாழனைப் புரிந்துகொள்ளும் வழியே இதில் இருப்பது தெரிந்தது.

வாயு என்பது ஒரு பொருளின் பெயரா?

இல்லை! அது ஒரு பொருள் இருக்கும் நிலை. கப்பலில் அம்மோனியாவை எப்படிக் கொண்டு வருகிறார்கள் தெரியுமா? மைனஸ் 33 டிகிரிக்குக் குளிர வைத்து, தண்ணீர் போலத் திரவமாகக் கொண்டு வருகிறார்கள். வெளியே கசிந்து சூடு பட்டதும் அதே திரவம் கொதித்து வாயுவாகி மூக்கில் ஏறுகிறது. வியாழனின் மேகப் பகுதியில் மைனஸ் 100 டிகிரிக்கும் கீழே குளிர் என்பதால், அங்கே அதே அம்மோனியா பனித் துகளாக மிதக்கிறது. பொருள் ஒன்றுதான், நிலைதான் வேறு.

இன்னொரு உதாரணம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. கேஸ் சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் என்று எழுதியிருக்கும். அதை ஆட்டினால் "சளக் சளக்" என்று சத்தம் வரும். கேஸ் எப்படி சளக் என்று சத்தம் போடும்? அழுத்தி அடைத்திருப்பதால் உள்ளே பெரும்பகுதி திரவமாக இருக்கிறது. திறந்துவிட்டால்தான் வாயுவாகி அடுப்புக்கு வருகிறது. (இதைப் படிச்சிட்டு யாரும் வீட்டில் சிலிண்டரை உருட்டிப் பார்க்காதீங்க!)

ஆகவே, குளிர வைத்தாலும் அழுத்தினாலும் வாயு மாறிவிடும். வியாழனில் அழுத்துவது யார்? அதன் சொந்த ஈர்ப்பு விசைதான். மேலே உள்ள அத்தனை வாயுவின் எடையும் கீழே உள்ளதை அமுக்குகிறது.

இறங்கிப் பார்த்த ஒரே கருவி

வியாழனுக்குள் இறங்கி அளந்து பார்த்த கருவி ஒன்றே ஒன்றுதான். அது கலிலியோ விண்கலம் அனுப்பிய சிறு கருவி. 1995 டிசம்பர் 7 அன்று விநாடிக்கு 47 கி.மீ. வேகத்தில் உள்ளே நுழைந்தது. பாராசூட் விரித்து இறங்கியபடியே செய்தி அனுப்பியது. அங்கே காற்று மணிக்கு 600 கி.மீ.க்கு மேல் அடித்தது. கீழே போகப் போக அழுத்தமும் சூடும் கூடிக்கொண்டே வந்தன. சுமார் 150 கி.மீ. ஆழம் வரை போனது. அங்கே அழுத்தம் நம் பூமிக் காற்றைப் போல 22 மடங்கு. சூடு 150 டிகிரி. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, செய்தி நின்றுவிட்டது.

22 மடங்கு என்பதைக் காசிமேட்டுப் பிள்ளைகள் சுலபமாகப் புரிந்துகொள்ளலாம். கடலில் 10 மீட்டர் முங்கினால் ஒரு மடங்கு அழுத்தம் கூடும். அப்படியென்றால் கடலில் 200 மீட்டருக்கும் கீழே போன மாதிரி. ஆனால் வியாழனுக்கு இது வெறும் தோல்தான். மையம் வரை இன்னும் சுமார் 70,000 கி.மீ. மீதி இருக்கிறது.

அதற்கும் கீழே?

அமுங்கி அமுங்கி ஹைட்ரஜன் திரவம் போல ஆகிவிடுகிறது. சிலிண்டருக்குள் மேலே வாயு, கீழே திரவம் என்று ஒரு எல்லைக்கோடு உண்டு. வியாழனில் அந்தக் கோடுகூடக் கிடையாது. ராத்திரி எந்த நிமிஷத்தில் பகல் ஆனது என்று சொல்ல முடியுமா? அது மாதிரி, எந்த இடத்தில் வாயு திரவமானது என்று சொல்ல முடியாது.

இன்னும் ஆழத்தில் அழுத்தம் 10 லட்சம் மடங்கையும் தாண்டும். அங்கே ஹைட்ரஜன் உலோகம் போல மின்சாரத்தைக் கடத்துகிறது. வியாழனின் பெரும்பகுதி இதுதான். அதன் பலமான காந்தப் புலமும் இதிலிருந்துதான் உண்டாகிறது. வாயுக் கோள் என்று பெயர், ஆனால் உள்ளே வாயுவாக இருப்பது குறைவு! 2016 முதல் அதைச் சுற்றி ஆராய்ந்த ஜூனோ விண்கலத்தின் அளவுகளைப் பார்த்தால், நடுவில் உள்ள கனமான கருவும் தனி உருண்டையாக இல்லாமல், கரைந்து பரவியிருப்பதாகத் தெரிகிறது.

ஆகவே கால் வைக்கத் தரை இல்லை. மறுபக்கம் வரவும் வழி இல்லை. எதை விட்டாலும் நசுங்கி, உருகி, வியாழனோடு கலந்துவிடும்.

தீக்குச்சி கிழித்தால் பற்றிக்கொள்ளுமா?

இது என் தோழி கேட்டது. ஹைட்ரஜன் எரியும் வாயு என்று படித்திருக்கிறோமே! ஆனால் எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும். அங்கே காற்றில் இருப்பது போல ஆக்சிஜன் கிடையாது. 1994 ஜூலையில் ஷூமேக்கர்-லெவி 9 என்ற வால்நட்சத்திரம் துண்டு துண்டாக உடைந்து வியாழன் மேல் மோதியது. பூமியை விடப் பெரிய கருப்புத் தழும்புகள் விழுந்தன. அப்போதும் வியாழன் தீப்பிடிக்கவில்லை.

நம்ம சென்னையின் பங்கு

பார்க்கக் கெட்டியாகத் தெரிவதெல்லாம் கெட்டி இல்லை என்பதற்கு அடுத்த வாயுக் கோளான சனியும் சாட்சி. அதன் வளையம் தட்டு மாதிரி தெரியும். 1852-இல் நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் தலைவர் ஜேக்கப், தொலைநோக்கியில் சனியைப் பார்த்தார். உள்பக்க மங்கலான வளையத்தின் வழியே கோளின் உடல் தெரிந்தது! அதே ஆண்டு மால்டா தீவில் லாசெல் என்பவரும் இதைக் கண்டார். ஒரே தட்டாக இருந்தால் ஊடுருவித் தெரியுமா? வளையங்கள் கணக்கற்ற பனிக்கட்டித் துண்டுகளால் ஆனவை என்று இன்று நமக்குத் தெரியும். நம்ம மூலக்கொத்தளத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் நடந்த வேலை இது.

முடிவாக

வியாழன் தெரியும் மாதங்களில் மொட்டை மாடியில் ஏறிப் பாருங்கள். துறைமுக விளக்கு வெளிச்சத்தையும் புகையையும் மீறி, அதிகம் மின்னாமல் பளிச்சென்று தெரியும். பைனாகுலர் கிடைத்தால் 1610-இல் கலிலியோ பார்த்த நான்கு துணைக்கோள்களையும் பார்க்கலாம்.

சித்தி பையனிடமும் இதைச் சொன்னேன். "அங்கேயும் அம்மோனியாவா? அப்போ அங்க இருக்கிறவங்க எங்க ஓடுவாங்க?" என்று கேட்டான். அங்கே யாரும் இல்லைடா, நின்று ஓடத் தரையும் இல்லை என்றேன். தரை இருக்கிறதும், சுவாசிக்கக் காற்று இருக்கிறதும் நம்ம பூமியில்தான். அந்தக் காற்றைக் கெடாமல் பார்த்துக்கொள்வதும் நாம் படிக்க வேண்டிய பாடம்தான்.

யோசியுங்கள்: 40 கிலோ எடையுள்ள ஒருவர் வியாழனின் மேக உச்சியில் எத்தனை கிலோ போலக் கனப்பார்? (ஈர்ப்பு பூமியைப் போல இரண்டரை மடங்கு.) விடையை ஒரு தாளில் எழுதி, டீச்சர் மேசை மேல் இருக்கும் பெட்டியில் போடவும்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி