டாப்ளர் காட்டுவது வேகத்தை மட்டுமே

பார்வை நரம்பைப் பழுதாக்கும் க்ளாக்கோமா நோயைக் ‘கண் பிரஷர்’ என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். கண்ணுக்குப் போகும் ரத்தத்தையும் ஸ்கேனில் பார்க்கலாம் என்ற செய்தி இப்போது பரவுகிறது. அதன் கூடவே தவறான எண்ணங்களும் பரவுகின்றன. பார்வை சம்பந்தப்பட்டது என்பதால் இவற்றைத் தெளிவுபடுத்தியே ஆகவேண்டும்.

நம்பிக்கை: பிரஷர் நார்மல் என்றால் க்ளாக்கோமா இல்லை.

உண்மை: ஜப்பானின் தாஜிமி நகரில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், திறந்த கோண க்ளாக்கோமா இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்குக் கண்ணழுத்தம் நார்மலின் மேல் எல்லையான 21 மி.மீ. பாதரசத்தைத் தாண்டவில்லை. அப்படியானால் பார்வை நரம்பு ஏன் பழுதாகிறது? இந்தக் கேள்விதான் ஆய்வாளர்களை ரத்த ஓட்டத்தின் பக்கம் திருப்பியது.

நம்பிக்கை: டாப்ளர் ஸ்கேன் எடுத்தால், கண்ணுக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்று தெரிந்துவிடும்.

உண்மை: தெரியாது. மூடிய இமைமேல் ஜெல் தடவி, கருவியை மெல்ல வைக்கிறார்கள். கருவி அனுப்பும் மீயொலி ஓடும் ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் மாறுகிறது. அந்த மாற்றத்திலிருந்து ரத்தத்தின் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். கண்ணுக்குப் பின்னாலுள்ள கண் தமனி, விழித்திரையின் மையத் தமனி, பார்வை நரம்பின் முகப்புக்கு ரத்தம் தரும் சிலியரித் தமனிகள் ஆகியவற்றில், இதயம் சுருங்கும்போதும் விரியும்போதும் வேகம் எவ்வளவு என்று குறிக்கிறார்கள்.

குழாய் முனையை விரலால் பாதி மூடினால் தண்ணீர் சீறிப் பாயும்; அதற்காகக் குடம் சீக்கிரம் நிரம்பிவிடாது. ரத்தத்தின் அளவு தெரிய வேண்டுமானால் தமனியின் அகலமும் தெரிய வேண்டும். விழித்திரையின் மையத் தமனியின் அகலம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். அதை இந்த ஸ்கேனால் நம்பகமாக அளக்க முடிவதில்லை. போதாக்குறைக்கு, கருவியின் கோணத்தைச் சரியாகக் கணக்கில் எடுக்காவிட்டால் வேகமும் தவறாக வரும். கண்ணைச் சற்று அழுத்திவிட்டாலோ ஓட்டமே மாறிவிடும். எடுப்பவரின் கைப்பழக்கம் இதில் அவ்வளவு முக்கியம்.

நம்பிக்கை: இந்த ஸ்கேன் கண்ணைக் கெடுக்கும்.

உண்மை: இதில் எக்ஸ்ரே கதிர்கள் இல்லை. ஆனால் கண்ணுக்கு அனுமதிக்கப்பட்ட ஒலியின் வலிமை மற்ற உறுப்புகளைவிடக் குறைவு. கருவியைக் கண்ணுக்குரிய அமைப்பில் வைத்தே எடுக்க வேண்டும்.

நம்பிக்கை: ரத்தம் குறைந்ததால்தான் க்ளாக்கோமா வருகிறது என்பது ஸ்கேனில் நிரூபணமாகிவிட்டது.

உண்மை: க்ளாக்கோமா உள்ளவர்களிடம் இதயம் விரியும் நேரத்து வேகம் குறைந்தும், ஓட்டத்துக்கான தடை கூடியும் இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால் நரம்பிழைகள் இறந்துபோனால் ரத்தத் தேவையும் குறையும். எது காரணம், எது விளைவு என்பதை ஒருமுறை எடுத்த படம் சொல்லாது. நலமானவர்களின் அளவுகளும் நோயாளிகளின் அளவுகளும் ஒன்றோடொன்று கலந்தும் கிடக்கின்றன. நோயை உறுதிசெய்ய பார்வை நரம்புப் பரிசோதனையும் பார்வைப் புலச் சோதனையுமே வேண்டும்.

நம்பிக்கை: கண்ணழுத்தத்தைக் குறைக்கும் சொட்டு மருந்தை விட்டுவிட்டு ரத்த ஓட்டத்தைக் கூட்டும் மாத்திரை சாப்பிடலாம்.

உண்மை: தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அழுத்தம் நார்மலாக இருந்த நோயாளிகளிடமே அதை மேலும் 30 சதவீதம் குறைத்துப் பார்த்த ஆய்வு 1998-இல் வெளியானது. சிகிச்சை பெறாத கண்களில் 35 சதவீதத்தில் நோய் முற்றியது. பெற்றவற்றில் 12 சதவீதத்தில் மட்டுமே. ரத்த ஓட்டத்துக்காக நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இரவில் ரத்த அழுத்தம் மிகவும் இறங்கினால் பார்வை நரம்புக்குப் போகும் ரத்தம் குறையலாம். படுக்கும்முன் பிபி மாத்திரை எடுப்பவர் அதைக் கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். நேரத்தை மாற்றுவதா என்பதை பிபி பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும்.