குறைக்குமா, நிறுத்துமா? தடுப்பூசி விவாதத்தில் ஒரு பாடம்



இந்த மாத வகுப்புக்கு நாம் எடுத்துக்கொண்ட தலைப்பு: “தடுப்பூசி கிருமிப் பரவலைக் குறைக்கிறதா?” கோவிட் காலம் முடிஞ்சு இத்தனை வருஷமாச்சு, இன்னும் எதுக்கு இந்தப் பேச்சு என்று சிலர் கேட்கலாம். ஜொகூர் பாருவில் வாழும் நமக்கு இது வெறும் பேச்சு இல்லை. 2020 மார்ச் 18-இல் பாலம் மூடப்பட்டது. சிங்கப்பூரில் வேலை செய்த எத்தனையோ அப்பாக்களும் அண்ணன்களும் மாதக்கணக்கில் வீடு திரும்ப முடியவில்லை. 2021 நவம்பர் 29-இல் தரைவழிப் பயணம் மீண்டும் தொடங்கியபோது, முழுமையாகத் தடுப்பூசி போட்டவர்களுக்குத்தான் அந்த வழி திறந்தது. அதனால் இந்தக் கேள்வி நம் வீட்டுச் சாப்பாட்டு மேசை வரைக்கும் வந்துவிட்டது.

நான் பொறியியல் மாணவன், டாக்டர் இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கத் தெரியும். இந்தப் பாடத்துக்கு அது போதும்.

முதலில் எப்படிப் பேசுவது?

நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையைத் தெரிந்துகொள்ள இருவரும் சேர்ந்து பேசுவது வாதம். ஜெயிப்பதற்காகவே பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு நிலைப்பாட்டையும் வைக்காமல், எதிரில் இருப்பவர் சொல்வதை உடைக்க மட்டும் பேசுவது விதண்டை. “விதண்டாவாதம் பண்ணாதே”ன்னு வீட்டில் திட்டு வாங்கியிருப்போமே, அந்தச் சொல்லின் வேர் இதுதான். நாம் வாதம் செய்வோம். வாதத்தின் முதல் வேலை, கேள்வியைச் சரியாகக் கேட்பது.

“ஊசி போட்டாலும் வருதுல்ல, அப்புறம் எதுக்கு ஊசி?” என்கிறார் ஒருவர். “ஊசி போட்டால் பரவாது, அவ்வளவுதான்” என்கிறார் இன்னொருவர். இரண்டு பேரும் பேசுவது பரவலை நிறுத்துவதைப் பற்றி. நம் தலைப்பில் இருப்பதோ குறைப்பது. நிறுத்துவது வேறு, குறைப்பது வேறு. முக்கால்வாசிச் சண்டை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ஆய்வுகள் எதை அளந்தன?

ஃபைசர் தடுப்பூசியின் பெரிய சோதனை முடிவு 2020 டிசம்பரில் வெளியானது. 43,000-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். அறிகுறியோடு கோவிட் வந்தவர்கள் 170 பேர். அதில் உண்மையான ஊசி போட்டவர்கள் 8 பேர், வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்கள் 162 பேர். 95 விழுக்காடு என்ற எண் இங்கிருந்துதான் வந்தது. அந்த எண் சொல்வது நோய் வருவதைப் பற்றி. ஒருவர் மற்றவருக்குப் பரப்புவதை அந்தச் சோதனை அளக்கவே இல்லை. 2022 அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றக் குழுவின் முன் ஃபைசர் அதிகாரி ஒருவர் இதைச் சொன்னபோது, “ஏமாத்திட்டாங்க” என்று பலர் பொங்கினார்கள். அளக்கவில்லை என்பதற்கு, அந்தப் பலன் இல்லை என்று அர்த்தம் ஆகாது. பிறகுதான் அளக்க வேண்டும்.

அப்படி அளந்தவர்களில் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்களும் உண்டு. டெல்டா தொற்று நுழைந்த வீடுகளை அவர்கள் பின்தொடர்ந்தார்கள். 2021 அக்டோபரில் முடிவு வந்தது. வீட்டில் ஒருவருக்குத் தொற்று இருக்கும்போது, ஊசி போடாத மற்றவர்களில் 38 விழுக்காட்டினருக்குத் தொற்றியது. ஊசி போட்டவர்களில் 25 விழுக்காடு. அதாவது மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் அதே ஆய்வின் அடுத்த பக்கத்தையும் நேர்மையாகப் படிக்கணும். தொற்று வந்துவிட்ட பிறகு, ஊசி போட்டவரும் போடாதவரும் வீட்டாருக்குப் பரப்பிய அளவு ஏறக்குறைய சமம்: 25, 23. ஆகவே டெல்டாவுக்கு எதிராக ஊசி பரவலைக் குறைத்தது, நிறுத்தவில்லை. இரு தரப்பிடமும் பாதி உண்மை இருந்தது.

அடுத்து ஒமிக்ரான் வந்தது. தொற்றைத் தடுக்கும் பலம் இன்னும் இறங்கியது, சில மாதங்களில் தேயவும் செய்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் மலேசியாவில் ஒரே நாளில் 33,000-க்கு மேல் தொற்றுகள் பதிவாயின. கடுமையான நோயிலிருந்து காக்கும் பலமோ பெரும்பாலும் நிலைத்தது. ஆக, ‘ஊசி போட்டவருக்கு மட்டும் அனுமதி’ என்ற விதிக்குப் பரவலைக் காரணமாகச் சொன்னால், அந்தக் காரணத்தின் பலம் கிருமி மாறும்போது மாறும். விதியைக் கேள்வி கேட்கலாம். அதற்காக ஊசியே வீண் என்று சொல்லிவிட முடியாது.

இரண்டு சின்னக் கணக்கு

ஒன்று. “மருத்துவமனையில் இருக்கறவங்கள்ல பாதிக்கு மேல ஊசி போட்டவங்கதான்!” இந்த வாட்ஸ்அப் செய்தி எல்லாருக்கும் வந்திருக்கும். 2021 அக்டோபரில் நம் நாட்டில் பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் முழுமையாக ஊசி போட்டிருந்தார்கள். 100 பேர் உள்ள ஒரு தாமானை நினைத்துக்கொள்ளுங்கள். 90 பேர் போட்டவர்கள், 10 பேர் போடாதவர்கள். ஊசி தொற்றைப் பாதியாகக் குறைக்கிறது என்று வைப்போம். போடாதவர்களில் 40 விழுக்காட்டுக்கு வந்தால் 4 பேர். போட்டவர்களில் 20 விழுக்காட்டுக்கு வந்தால் 18 பேர். மொத்தம் 22 பேரில் 18 பேர் ஊசி போட்டவர்கள்! ஊசி நன்றாக வேலை செய்யும்போதே இப்படித்தான் தெரியும். எத்தனை பேருக்கு வந்தது என்பதோடு, எத்தனை பேரில் வந்தது என்றும் கேட்கணும்.

இரண்டு. ஒருவர் 5 பேருக்குப் பரப்பும் கிருமி ஐந்தாவது சுற்றில் 3,125 பேரைப் புதிதாகத் தொடும். ஊசியால் அந்த 5 வெறும் 3 ஆகக் குறைந்தால்? ஐந்தாவது சுற்றில் 243 பேர். பரவல் நிற்கவில்லை. ஆனால் மருத்துவமனைக் கட்டில் கிடைக்குமா கிடைக்காதா என்பதை இந்த வித்தியாசம்தான் முடிவு செய்யும். கடனுக்கு வட்டி குட்டி போடுவது மாதிரி, சிறு குறைவும் சுற்றுக்குச் சுற்று பெருகும்.

நிறுத்திய ஊசியும் உண்டு

நம் ஊர் ராஜமாரியம்மன் கோயிலுக்குப் போகாத பிள்ளைகள் இங்கே குறைவு. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டுவதும், அந்த வீட்டுக்கு வெளியாட்கள் போகாமல் இருப்பதும் நம் பாட்டிமார் கடைப்பிடித்த வழக்கம். தனிமைப்படுத்துதல் என்ற பேர் வராத காலத்திலேயே அதைச் செய்தார்கள். அந்த அம்மைகளில் மிகக் கொடியது பெரியம்மை. 1796-இல் ஜென்னர் தொடங்கிய தடுப்பூசி வழி, இருபதாம் நூற்றாண்டில் நோயாளியைக் கண்டுபிடித்துச் சுற்றியுள்ளவர்களுக்கு உடனே ஊசி போடும் முறையோடு சேர்ந்தது. இந்தியாவில் கடைசி நோயாளி 1975-இல். உலகத்தில் இயற்கையாக நோய் கண்ட கடைசி மனிதர் 1977-இல், சோமாலியாவில். 1980-இல் பெரியம்மை ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

அங்கே நின்றது, கோவிட்டில் ஏன் நிற்கவில்லை? பெரியம்மைக் கிருமி பெரிதாக மாறவில்லை, விலங்குகளில் ஒளிந்துகொள்ளவில்லை, நோய் கண்டவரைத் தோலைப் பார்த்தே அடையாளம் காணலாம், ஊசியின் காப்பும் பல ஆண்டுகள் நீடித்தது. கோவிட் கிருமியிடம் இந்த நான்கும் தலைகீழ். ஆகவே “தடுப்பூசி பரவலைக் குறைக்குமா?” என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த ஊசி, எந்தக் கிருமி, போட்டு எவ்வளவு காலம் என்று கேட்டால் கிடைக்கும்.

இப்போது ஏன் முக்கியம்?

எங்கள் தாமானில் ஓர் அக்கா கேட்டார்: “கோவிட் ஊசி போட்டும் எனக்கு வந்துச்சு தம்பி. பாப்பாவுக்கு மட்டும் எம்எம்ஆர் எதுக்கு?” இந்தப் பாடத்தை எழுத வைத்ததே அந்தக் கேள்விதான். ஒரு ஊசியின் குறையை இன்னொரு ஊசியின் தலையில் போடுகிறோம். தட்டம்மை வந்த ஒருவர், எதிர்ப்பு சக்தி இல்லாத 12 முதல் 18 பேருக்குப் பரப்பக்கூடியவர். எம்எம்ஆர் இரண்டு தவணை தட்டம்மையை ஏறக்குறைய 97 விழுக்காடு தடுக்கிறது. தொற்றே வராதவர் யாருக்கும் பரப்ப முடியாது. நம் நாட்டு அட்டவணையில் அது 9 மாதத்திலும் 12 மாதத்திலும், அரசாங்கக் கிளினிக்கில் இலவசம். சுற்றியுள்ளவர்களில் 95 விழுக்காட்டினர் போட்டிருந்தால்தான், 9 மாதம் ஆகாத கைக்குழந்தைக்கும் அரண் கிடைக்கும். அந்தக் குழந்தைக்குத் தனக்காக வாதம் செய்யத் தெரியாது.

வகுப்பில் கலந்து பேச:

1. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு தடுப்பூசிச் செய்தியை எடுங்கள். அது பேசுவது நோய் வருவதையா, பரவுவதையா, கடுமையாவதையா?

2. 100 பேர் கணக்கில் 50 பேர் மட்டும் ஊசி போட்டிருந்தால் எண்கள் எப்படி மாறும்? தாளில் போட்டுப் பாருங்கள்.

3. உங்கள் வீட்டில் இரண்டு வயதுக்குள் குழந்தை இருந்தால், அதன் சுகாதாரப் புத்தகத்தைத் திறந்து எந்தத் தவணை பாக்கி என்று இந்த வாரமே பாருங்கள். சந்தேகம் இருந்தால் கிளினிக் தாதியிடம் கேளுங்கள்.